தையல் அறையைப் பூட்டுவதற்கு முன்: ஆலய நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலய நிர்வாகக் குழுவினருக்கு,

சனிக்கிழமைத் தையல் வகுப்பு நடக்கும் மண்டபத்தின் பின்னறையை இந்த மாத இறுதிக்குள் காலி செய்து சாவியை ஒப்படைக்கச் சொல்லி நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. நம் சபையின் விதிகளில் தமிழை வளர்ப்பது முதல் நோக்கமாக எழுதப்பட்டிருப்பதால் நான் தமிழிலேயே பதில் எழுதுகிறேன். படிக்கச் சிரமப்படும் உறுப்பினர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் வாசித்துக் காட்டட்டும். கமிட்டிக்கு மட்டும் அனுப்பாமல் ஊரே படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த முடிவை எடுத்த கூட்டத்துக்கு எங்களில் ஒருவரையும் நீங்கள் கூப்பிடவில்லை.

உங்கள் கடிதம் மூன்று காரணங்களைச் சொல்கிறது. டர்பனில் தையல் ஆலைகள் மூடிவிட்டதால் இந்த வகுப்பால் யாருக்கும் வேலை கிடைக்கப் போவதில்லை. சனிக்கிழமை கல்யாணத்துக்கு மண்டபம் எடுப்பவர்கள் மணப்பெண்ணை அலங்கரிக்க ஓர் அறை கேட்கிறார்கள். ஆலயத்தோடு தொடர்பில்லாத வெளியாட்கள் வளாகத்துக்குள் வந்து போகிறார்கள். இதில் இரண்டாவது எனக்குப் புரிகிறது, பேசித் தீர்த்துக்கொள்ளலாம். மற்ற இரண்டையும் என்னால் சும்மா விட முடியாது.

முதலில் ஆலை விஷயம். ஒவ்வொரு வருடமும் நவம்பர் 16ஆம் தேதி, 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவுக்கு வந்து இறங்கியவர்களை நினைத்து மண்டபத்தில் விழா எடுக்கிறோம். கரும்புத் தோட்டத்தில் பட்ட பாட்டைப் பேசாத பேச்சாளர் கிடையாது. சரி, பேச வேண்டியதுதான். ஆனால் அவர்களுடைய பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும் பட்ட பாட்டைப் பற்றி அந்த மேடையில் யாரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த, 1950இல் வந்த குழுப் பகுதிகள் சட்டம் நம் குடும்பங்களை ஊருக்குள்ளிருந்து பிடுங்கி, அறுபதுகளில் இந்தச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டது. வாடகையும் பஸ் கட்டணமும் ஏறிய பிறகு ஒருவர் சம்பளத்தில் வீடு நடக்கவில்லை. அப்போதுதான் நம் பெண்கள் விடிகாலை இருட்டில் எழுந்து, சமைத்து மூடி வைத்துவிட்டு, துணி ஆலைக்கு பஸ் ஏறினார்கள். 1973இல் டர்பன் முழுக்க நடந்த வேலைநிறுத்தங்களில் ஜவுளி ஆலைகளும் சேர்ந்துதான் நின்றன. இந்தக் கோயிலின் கோபுரத்துக்கும் மண்டபத்துக் கூரைக்கும் கொடுத்த நன்கொடையில் பாதி அந்தத் தையல் சம்பளத்திலிருந்து வந்தது என்று என் அம்மா சொல்வார். கணக்குப் புத்தகம் உங்களிடம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 1994க்குப் பின்னால் இறக்குமதி வரி இறங்கியது, மலிவான துணி கப்பல் கப்பலாக வந்தது. 2005இல் உலக ஜவுளி வர்த்தகத்தில் இருந்த கோட்டா முறையும் போயிற்று. சீனத் துணிக்கு 2007, 2008 இரண்டு வருடம் அரசாங்கம் வரம்பு கட்டிப் பார்த்தது. அதற்குள் பாதி ஆலைகளின் கதவில் பூட்டு தொங்கியது. இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். நீங்கள் சொல்லும் 'ஆலைகள் மூடிவிட்டன' என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அதிலிருந்து நீங்கள் போய்ச் சேர்ந்த முடிவில்தான் மறுப்பு.

ஆலைத் தையல் எப்படி இருந்தது என்று உள்ளே உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். கட்டுக் கட்டாக வெட்டிய துண்டுகள் வரும். ஒருத்தி பாக்கெட் வைப்பாள், அடுத்தவள் கை ஏற்றுவாள், அதற்கடுத்தவள் காஜா அடிப்பாள். ஒரு லைனில் இத்தனை பேர் சேர்ந்தால் ஒரு சட்டை. எங்கள் வகுப்பில் ஓர் அக்கா இருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஆலை மூடிய நாள்வரை அவர் செய்தது ஆண்கள் சட்டைக்குக் காலர் வைப்பது ஒன்றுதான். எத்தனை ஆயிரம் காலர் என்று மாரியம்மனுக்குத்தான் வெளிச்சம். ஆனால் முதல் நாள் வகுப்புக்கு வந்தபோது அவர் என் காதோரம் வந்து, "எனக்கு ஒரு முழுச் சட்டை தைக்கத் தெரியாது, சிரிக்காதே" என்றார்.

காலரில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. முனையைத் திருப்புவதற்கு முன் உள்ளே மிச்சம் இருக்கும் துணியை எவ்வளவு ஒட்ட வெட்ட வேண்டும், எங்கே ஒரு தையல் குறுக்காகப் போட்டால் முனை ஊசியாக வரும் என்று அவர் காட்டியதை நானே அன்றுதான் கற்றுக்கொண்டேன். ஆனால் கைக்குழி எப்படி வெட்டுவது, முன்பக்கத் துண்டுக்கும் பின்பக்கத் துண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதெல்லாம் அவருக்குப் புதிது. பேத்திக்கு ஒரு ரவிக்கை தைக்க ஆரம்பித்தார். பிரித்துப் பிரித்துத் தைத்தார். முடித்த அன்று அதை அழகு பார்க்கவில்லை. நேராக உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, ட்யூப் லைட்டுக்கு அடியில் பிடித்து, தையல் தையலாக விரலால் தடவிக்கொண்டே போனார். ஆலையில் செக்கர் செய்வதை அவரே தன் துணிக்குச் செய்தார். கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டு, "இதை எவனும் ரிஜெக்ட் பண்ண முடியாது" என்றார். அறை முழுக்கச் சிரிப்பு.

குழுவினரே, அந்த அக்காவுக்கு இனி எந்த ஆலையும் வேலை தரப்போவதில்லை. அவர் வேலை கேட்டு வரவும் இல்லை. வாழ்நாள் முழுக்கத் தைத்தும் தன் கையால் ஒரு முழு உடுப்பை முடிக்கும் வாய்ப்பு கிடைக்காதவர் அதை முடிக்க வந்தார். ஆலைகள் இருந்தவரை இந்த ஊர்ப் பெண்கள் தைத்ததெல்லாம் யாருக்கோ. இப்போதுதான் தனக்காகத் தைக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து அறையைப் பூட்டுகிறேன் என்கிறீர்கள்.

சொல்லிக் கொடுப்பதில் எனக்குக் கிடைக்கும் சந்தோஷத்தையும் சொல்லிவிடுகிறேன், இது ஏதோ தியாகம் என்று நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். சம்பளம் இல்லாமல் சனிக்கிழமையை ஒருவர் கொடுக்கிறார் என்றால் அதில் அவருக்கு ஏதோ ருசி இருக்க வேண்டும். எனக்கு இருக்கிறது. இரண்டு துணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருத்தி யோசிக்க ஆரம்பிக்கும் அந்த நிமிடம் போதும் எனக்கு.

பீரோவில் கிடக்கும் பழைய பட்டுச் சேலையைக் கொண்டு வருவார்கள், ஆயா கல்யாணத்தில் உடுத்தியது என்று. மடிப்பு விழுந்த இடமெல்லாம் இற்றுப் போயிருக்கும், இழுத்தால் கிழியும். அதற்கு அடியில் மெல்லிய மல்துணியை வைத்து ஓட்டுத் தையல் போட்டுப் பிடிப்பித்தால் பட்டு பிழைத்துக்கொள்ளும். அதற்கு ஜோடி சேர்க்க நாங்கள் எடுப்பது இந்த மண்ணின் ஷ்வேஷ்வே. நீலத்தில் முக்கிய பருத்தித் துணியைச் செதுக்கிய செப்பு உருளைகளுக்கு நடுவே விட்டு, மிதமான அமிலத்தால் சாயத்தை அங்கங்கே வெளுக்கவைத்து வெள்ளைப் பூ எடுக்கிறார்கள். கஞ்சி போட்டு விறைப்பாக வரும், அகலம் 90 சென்டிமீட்டர்தான். புதுத் துணியை ஒரு தடவை நனைத்துக் காயவைக்காமல் வெட்டினால் பிறகு சுருங்கித் தையலைக் கோணலாக்கும். இதையெல்லாம் எங்கள் வகுப்புக்கு வரும் சூலு இனப் பாட்டி ஒருவர்தான் சொல்லிக் கொடுத்தார். கோகோ என்று கூப்பிடுகிறோம், சூலு மொழியில் பாட்டி என்று அர்த்தம். நான் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்த துணியைப் பார்த்தார், பின்பக்கம் மூன்று பூனை முத்திரை இருக்கிறதா என்று திருப்பினார், ஓரத்தை நாக்கு நுனியில் வைத்தார். "உப்பில்லை, போலி" என்று மேசையில் போட்டுவிட்டார். அசலின் கஞ்சியில் உப்பு ருசி இருக்குமாம். அன்றைக்கு ஆசிரியை யார் என்று எனக்கே சந்தேகம்.

சேலைக் கரையின் ஜரிகையும் ஷ்வேஷ்வேயின் நீலமும் சேர்ந்தால் வரும் அழகைக் கடிதத்தில் காட்ட முடியாது. வந்து பாருங்கள். மேசை விரிப்பு, தொட்டில் மெத்தை, பை, சுவரில் தொங்கவிடும் ஒட்டுத் துணி எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறோம்.

ஒரு பையனும் வருகிறான். அவன் அம்மாவுக்குச் சனிக்கிழமை ஷிஃப்ட், வீட்டில் தனியாக விட முடியாது, ஆயாவோடு அனுப்பிவிடுகிறார். முதலில் மூலையில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் குடைப் பாவாடை வெட்டிக்கொண்டிருந்தோம். இடுப்பு 66 சென்டிமீட்டர் என்றால் நடுவில் எவ்வளவு பெரிய வட்டம் வெட்ட வேண்டும் என்று பெண்கள் குழம்பிக்கொண்டிருக்கும்போது, "6.28ஆல் வகுங்கள், ஆரம் 10.5 வரும்" என்று மூலையிலிருந்து குரல் வந்தது. வெட்டிப் பார்த்தோம், கச்சிதமாக உட்கார்ந்தது. கணக்கில் தேறாதவன் என்று பள்ளியில் சொன்ன பிள்ளை அவன். இப்போது பேட்டர்ன் பேப்பர் அவன் பொறுப்பு. பெண்கள் கூட்டத்தில் பையனுக்கு என்ன வேலை என்று குழுவில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். டர்பனின் பழைய விக்டோரியா தெருப் பக்கம் விசாரித்துப் பாருங்கள் ஐயா, அந்தக் காலத்தில் அங்கே மெஷின் மிதித்த தையற்காரர்கள் எல்லோரும் மீசை வைத்தவர்கள்தான்.

கோயிலுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். போன தைப்பூசக் காவடிக்கு ஏற்றிய சேவற்கொடியை எங்கிருந்து வாங்கினீர்கள் என்று பொருளாளரைக் கேளுங்கள். வாங்கவில்லை. அந்தப் பின்னறையில் தைத்தோம். சாட்டின் துணி வெட்டினால் ஓரம் நூல் நூலாகப் பிரியும், அதனால் சேவலின் ஒவ்வொரு இறகையும் ஓரம் மடித்து, ஊசி குத்தி, கையால் பதிக்க வேண்டியிருந்தது. கொண்டைக்குச் சிவப்பு, கண்ணுக்கு முடிச்சுத் தையல். முதலில் வரைந்த சேவல் கிளி மாதிரி இருந்தது என்று எல்லோரும் கேலி செய்ய, அலகை மட்டும் பிரித்து மறுபடி தைத்தோம். கொடி ஏறும்போது நீங்கள் எல்லோரும் கும்பிட்டீர்கள். காவடி எடுத்தவர்களின் மஞ்சள் துணிக்கு ஓரம் அடித்துக் கொடுத்ததும் இதே அறைதான். 2020இல் முகக்கவசம் இல்லாமல் வெளியே போகக்கூடாது என்று அரசாங்கம் சொன்னபோது குழுவின் சார்பில் வீடு வீடாகக் கொடுத்த துணி முகக்கவசங்கள் யார் தைத்தவை? தையல் இனி யாருக்கு வேண்டும் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்கிறேன். சுழற்சி மின்வெட்டு கடுமையான ஆறாம் கட்டம் வரை போன 2023இல், மண்டபத்தில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பு பாதி நாள் இருட்டில் நின்றது. எங்கள் அறையில் ஜன்னல் ஓரத்தில் நாலு கால்மெஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன. இயந்திரங்கள் மேல் அவ்வளவு பிரியம் இல்லாத காந்தியே சிங்கர் தையல் மெஷினை மட்டும், மனிதன் கண்டுபிடித்த உருப்படியான சில பொருள்களில் ஒன்று என்று ஒத்துக்கொண்டவர். அவர் படம் மண்டபத்து வாசலில் மாலையோடு இருக்கிறது. மெஷின்களைத்தான் வெளியே எடுக்கச் சொல்கிறீர்கள்.

இனி அந்த 'வெளியாட்கள்' என்ற சொல்லுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் சுட்டது அதுதான். யாரைச் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வகுப்புக்கு வருபவர்களில் சிலர் சூலு பெண்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறார்கள், கோயில் வளாகம் என்பதால் சனிக்கிழமை சாப்பாட்டு டப்பாவில் கறி கொண்டு வருவதில்லை. நாங்கள் சொல்லாமலே கடைப்பிடிக்கிறார்கள். நம் ஆட்கள் சிலர் புரட்டாசியில் கூட இவ்வளவு கவனமாக இல்லை. கோகோ மெதடிஸ்ட் கிறிஸ்தவ சபைக்காரர். மன்யானோ என்ற ஜெபக் குழுப் பெண்கள் வியாழக்கிழமை ஜெபத்துக்கு உடுத்தும் சிவப்பு மேல்சட்டையை, அந்த வெள்ளைக் காலரோடு, அவர் தைத்தது முருகன் கோயிலின் பின்னறையில். அந்தக் காலரை வைத்துக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நம் காலர் அக்காதான். நூல் முடிச்சுகளை எண்ணும்போது கோகோ தமிழில் எண்ணுகிறார். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் ஐம்பது வரை தடுக்காமல் எண்ணுகிறார்கள் என்று தமிழாசிரியரைக் கேட்டுப் பாருங்கள்.

2021 ஜூலைக் கலவரம் உங்களுக்கு மறந்திருக்காது. கடைகள் சூறையாடப்பட்டன, நம்மைப் போல இந்தியர்கள் வாழும் ஃபீனிக்ஸில் உயிர்கள் போயின, நம் தெரு முனைகளில் டயரையும் மேசையையும் குறுக்கே போட்டு ராத்திரி முழுக்க ஆண்கள் காவல் நின்றார்கள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் நாமும் சூலு மக்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசினோம். வகுப்பை மறுபடி திறந்த சனிக்கிழமை யாரும் வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வந்தார்கள், இரண்டு பக்கத்திலிருந்தும். பேச்சு வரவில்லை, தைத்துக்கொண்டிருந்தோம். பாபினில் நூல் தீர்ந்தால் கேட்டுத்தானே வாங்க வேண்டும், அப்படித்தான் பேச்சு திரும்பியது. அந்த வருடம் சமாதானத்துக்காக நடந்த கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நடக்காதது இங்கே நடந்தது என்று அடித்துச் சொல்வேன்.

ஊசி நூலை வைத்துக்கொண்டு கிழவிகள் பொழுது போக்குகிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். கிழக்குக் கேப் மாகாணத்தில் ஹாம்பர்க் என்ற சின்ன ஊரில் 2000இல் ஒரு மருத்துவர் தொடங்கிய கீஸ்காமா கலைத் திட்டத்தில் கிராமத்துப் பெண்கள் எம்பிராய்டரி கற்றார்கள். அவர்கள் வட்டாரத்தின் வரலாற்றைத் தைத்த துணி 120 மீட்டர் நீளம். கேப்டவுனில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. நம் டர்பனிலேயே இனவெறிக் காலத்தில் தங்களுக்கு நடந்ததைப் பெண்கள் துணியில் தைத்து வைத்த நினைவுத் துணிகள் இருக்கின்றன, எழுதத் தெரியாதவர்கள் உள்பட. சாட்ஸ்வொர்த்துக்கு வந்து சேர்ந்த கதையை நம் பெண்கள் இன்னும் துணியில் சொல்லவில்லை. இந்த வருடம் அதைத் தொடங்கியிருக்கிறோம். ஆயாக்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வரைகிறார்கள். ஆலைக்குப் போகும் பஸ்ஸும் பஸ்ஸுக்குள் தூங்கும் பெண்களும் உள்ள முதல் பலகம் முடிந்துவிட்டது. அடுத்தது மேசையில் பாதியில் விரிந்து கிடக்கிறது.

ஆகவே நான் கேட்பது இவை.

காலி செய்யும் உத்தரவை நிறுத்தி வையுங்கள். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதைத் திரும்ப எடுத்து, எங்களில் இருவர் வந்து பேச அனுமதி கொடுங்கள். நானும் காலர் அக்காவும் வருகிறோம்.

முடிவு எடுப்பதற்கு முன் குழுவில் குறைந்தது மூன்று பேராவது ஒரு சனிக்கிழமை காலை முழுவதும் வகுப்பில் உட்காருங்கள். கையில் ஊசி கொடுப்போம், பயப்பட வேண்டாம்.

கல்யாண அறைக்கு வழி இருக்கிறது. மண்டபம் புக் ஆகும் சனிக்கிழமைகளை ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டால் அன்றைக்கு நாங்கள் ஞாயிறு மதியத்துக்கு மாற்றிக்கொள்கிறோம். மெஷின்களைச் சுவரோரம் தள்ளி, முன்னால் ஒரு திரை தைத்துத் தொங்கவிடுகிறோம். நல்ல கண்ணாடி ஒன்றும் நாங்களே வைக்கிறோம், மணப்பெண்ணுக்கு ஊக்கு தெறித்தால் தைத்துக் கொடுக்க ஆளும் இருக்கும். வாடகை வேண்டும் என்றால் மின்கட்டணத்துக்கு மேல் எங்களால் எவ்வளவு முடியும் என்று கணக்கோடு வருகிறோம்.

'வெளியாட்கள்' என்ற சொல்லை உங்கள் கடிதத்திலிருந்தும் கூட்டக் குறிப்பிலிருந்தும் எடுத்துவிடுங்கள். இதில் பேரம் இல்லை.

கடைசியாக, அம்மனுக்குச் சாத்திக் கழித்த சேலைகள் களஞ்சிய அறையில் மூட்டை மூட்டையாகக் கிடந்து எலி கடிக்கின்றன. ஏலம் போகாதவற்றை வகுப்புக்குக் கொடுங்கள். குளிர்காலம் வருவதற்குள் மெத்தைகளாகத் தைத்து, முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பதற்கு உங்கள் கையிலேயே ஒப்படைக்கிறோம். எத்தனை சேலை வாங்கினோம், எத்தனை மெத்தை திரும்பியது என்று எழுதி வைப்போம்.

மாத இறுதிக்கு ஒரு வாரம் முன்னதாக எழுத்தில் பதில் வேண்டும். தமிழில் எழுதினால் சந்தோஷம், ஆங்கிலமானாலும் சரி.

இப்படிக்கு,
சனிக்கிழமைத் தையல் வகுப்பின் ஆசிரியை,
வகுப்பினர் அனைவரின் சார்பில்,
சாட்ஸ்வொர்த், டர்பன்